பிளாஸ்டிக்குக்குள் ஒரு நடை

மைசூரில், ஹெப்பாளிலிருந்து வந்த பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. கழுத்தில் ஆய்வக அட்டை தொங்கிய ஒரு பெண் தன் அண்ணியிடம் சொன்னாள்: "எங்க பேட்டரில லித்தியம் அயான் இன்னிக்கு பிளாஸ்டிக்குக்குள்ள நடந்துருச்சுங்க அண்ணி!"

"ஓட்டையே இல்லாத பிளாஸ்டிக்குல எப்படி அம்மிணி நடக்கும்?"

"அதோட இழையெல்லாம் நின்ன இடத்துலயே ஆடுமுங்க. அப்பக் கெடைக்கிற சந்துல அயான் நகரும். இத்தனை நாளா சூடாக்கினாத்தான் ஆடும். இன்னிக்குச் சூடே இல்லாம, பேட்டரில மாட்டின லைட் எரிஞ்சுதுங்க!"

அவர்கள் இறங்கும் இடம் வந்தது. வாசல்வரை ஒரே கூட்டம்.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி!" என்று கன்னடத்தில் கொஞ்சம் வழி கேட்டாள் அண்ணி.

எல்லோரும் நின்ற இடத்திலேயே தோளைத் திருப்பினார்கள். இருவரும் நழுவி வாசலுக்குப் போய்விட்டார்கள்.

"உன் அயானும் இப்படித்தான் கேட்டுச்சா?"

"மைசூர் அயானுங்க அண்ணி. வேற எப்படிக் கேக்கும்!"