பணம் வந்ததா என்று மெஷின் கேட்டது

அந்தச் சீட்டை ஜன்னலோரம் வைக்காதீர்கள் சார். கார்டு மெஷின் காகிதம் வெயில் பட்டால் கறுத்துப் போகும். இரண்டு மாதமாக என் பர்சில் மடித்து வைத்திருந்தேன், இன்னும் படிக்க முடிகிறது பாருங்கள். நானூற்று எண்பத்தாறு ரூபாய். மதியம் மூன்று மணி பதினான்கு நிமிடம். பணம் ஏற்கப்பட்டது. ஆங்கிலத்தில் இருப்பதை நான் தமிழில் சொல்கிறேன், உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் கன்னடத்தில் எழுதிக்கொள்ளட்டும். எனக்கு மூன்றிலும் கையெழுத்துப் போட வரும்.

பெயர் கணேசமூர்த்தி. வயது ஐம்பத்து மூன்று. காக்ஸ் டவுனில் பதினோரு வருஷமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் சிவாஜிநகரில் அப்பாவின் துணிக்கடை. முழுத் துணி இல்லை, கட்பீஸ். மீட்டர் பத்து ரூபாய் லாபத்துக்கு ஒரு மணி நேரம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேச வேண்டிய வியாபாரம். அப்பா நாலு பாஷையில் ‘கட்டாது’ என்பார், நாலிலும் கடைசியில் கட்டிவிடும். அவரிடம் நான் கற்றது மூன்று விஷயம். வந்தவன் முகத்தைப் பார்க்காதே, செருப்பைப் பார். செருப்பு வாசல் பக்கம் திரும்பியிருந்தால் விலையை இறக்கு, கடைப் பக்கம் இருந்தால் ஏற்று. முதலில் கேட்ட விலைக்கு ஒருநாளும் தலையாட்டாதே. ‘இல்லை’ என்று மட்டும் சொல்லாதே, சொன்னால் ஆள் படியிறங்கிப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான். ‘பார்க்கலாம்’, ‘வந்துவிடும்’, ‘ஒரு நிமிஷம்’. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதனை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்தி வைக்கலாம்.

இப்போது ஸ்ரீகண்டனைப் பற்றிச் சொல்கிறேன். புகார் கொடுத்தவர் அவர்தான், உங்களுக்கே தெரியும். கடையிலிருந்து நாலாவது தெருவில் பழைய பங்களா வீடு. மாநில அரசில் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்து இரண்டு. மனைவி ருக்மிணியம்மா. பிள்ளைகள் வெளிநாட்டில். ருக்மிணியம்மாவுக்கு ஆஸ்துமா. பதினோரு வருஷமாக அவர்களுக்கு இன்ஹேலர் கொடுத்தவன் நான். எந்த மாதம் மூச்சு இழுக்கும், எந்த மாதம் லேசாக இருக்கும் என்று அந்தம்மாவின் டாக்டருக்கு முன்னால் எனக்குத் தெரியும். நல்ல மனுஷி சார். பேரமே பேசமாட்டார். கடைக்காரனுக்குச் சில்லறை தட்டுப்பாடு என்று வீட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவில் சில்லறை கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்ரீகண்டன் வேறு மாதிரி. பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் பன்னிரண்டு கேட்பார். “ஏன்பா, மெயின் ரோட்டுல பதினஞ்சு தர்றானே” என்பார். “அங்கேயே வாங்குங்க சார், ஆனா அவன் மாத்திரையில பாதி சுண்ணாம்பு” என்பேன். சிரிப்பார். நானும் சிரிப்பேன். பேரம் பேசுகிறவனை எனக்குப் பிடிக்கும். அதுவரை எங்களுக்குள் ஒன்றும் இல்லை.

கார்டு கொடுத்தால் நூற்றுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாக வாங்கினேன். வாங்கவில்லை என்று சொல்லமாட்டேன். என்னிடம் பேங்க் பிடித்துக்கொள்கிறது, நான் வாங்குகிறவரிடம் பிடித்துக்கொண்டேன். சின்னத் தொகைக்கு பில் போடமாட்டேன். நான் மட்டுமா? அந்தத் தெருவில் எவன் போட்டான்? ஆனால் ஸ்ரீகண்டன் குடியிருப்போர் சங்கத்து வாட்சப்பில் என் கடைப் படத்தைப் போட்டு, ‘இவன் திருடன்’ என்று எழுதினார். அறுநூறு பேர் இருக்கிற குரூப். கட்டை விரல் படமாகவே நூற்று எண்பது வந்தது. எண்ணினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஹாலில் கூட்டம். என்னை வரச் சொன்னார்கள், போனேன். எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், எனக்கு மட்டும் நாற்காலி போடவில்லை. நாற்காலி மீதி இருந்தது சார், சுவரோரம் அடுக்கி வைத்திருந்தார்கள். ஸ்ரீகண்டன் எழுந்து, “பில் இல்லாம ஒரு மாத்திரைகூட இந்தக் கடையை விட்டு வெளிய போகப்படாது. கார்டு மெஷினும் பில் மெஷினும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து இருக்கணும், நடுவுல இவன் கை இருக்கப்படாது. எழுதிக் குடுக்கச் சொல்லுங்கோ” என்றார். எழுதிக் கொடுத்தேன். அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, அவரே டேப் வாங்கிவந்து என் கல்லாவுக்கு முன்னால் இருக்கிற கண்ணாடியில் ஒட்டினார். நாலு பக்கமும் தேய்த்துத் தேய்த்து ஒட்டினார். கடையில் ஆள் இருந்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். கோபத்தோடு வியாபாரம் செய்ய முடியாது சார்.

மெஷின் வாங்கினேன். அது எப்படி வேலை செய்யும் என்று சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு வேண்டியது அதில்தான் இருக்கிறது. பில் மெஷினில் மருந்தைப் பதிந்தால் தொகை தானாகக் கார்டு மெஷினுக்குப் போகும். கார்டைச் சொருகி நம்பர் போட்டால் பேங்க் சரி என்று சொல்லும், அந்தப் பதில் பில் மெஷினுக்குத் திரும்பி வரும், பில் முடியும். நடுவில் வயர் ஆடினாலோ நெட் போனாலோ பதில் வந்து சேராது. கார்டு மெஷின் சீட்டைத் துப்பிவிடும், பில் மெஷின் மட்டும் காத்துக்கொண்டே நிற்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அது என்னைக் கேட்கும். பணம் வந்ததா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். சீட்டைப் பார்த்து நான் அமுக்க வேண்டும். நடுவில் என் கை இருக்கக் கூடாது என்றார் பாருங்கள், கடைசியில் அந்த ஒரு இடத்தில் என் கையைத்தான் வைத்திருந்தார்கள்.

இந்தச் சீட்டு வந்த அன்றைக்கும் ஞாயிறு. மூன்று மணி. மற்ற மருந்துக் கடைகள் அடைத்திருந்தன. என் கடையில் மருந்தாளர் சங்கமித்ரா, ஸ்ரீராம்புரத்துப் பெண், லைசென்ஸ் அவள் பெயரில். பின்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஸ்ரீகண்டன் வந்தார். நான் வழக்கம்போல செருப்பைப் பார்த்தேன். காலில் செருப்பே இல்லை. தார் ரோட்டில் நாலு தெரு வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார்.

“இன்ஹேலர் தீர்ந்துடுத்துப்பா. ருக்கு மூச்சுக்குத் தவிக்கறா. பேகா குடு, சீக்கிரம்.”

எடுத்து வைத்தேன். கூட ஒரு மாத்திரை அட்டை. நானூற்று எண்பத்தாறு. அவர் சட்டைப் பையில் எப்போதும் கார்டு மட்டும்தான் இருக்கும், ரொக்கம் வைத்துக்கொள்வதை அவர் கௌரவக் குறைவாக நினைத்தார். போன் வீட்டில், அந்தம்மாவின் கட்டில் பக்கத்தில். கார்டைச் சும்மா தொட்டால் பணம் போகிற வசதியை அவரே பேங்கில் எழுதிக் கொடுத்து நிறுத்தியிருந்தார், திருட்டுப் பயம். கார்டைச் சொருகி நம்பரைப் போட்டார். பில் மெஷினுக்கு மட்டும் நெட் போனது, கார்டு மெஷினுக்குத் தனி சிம். நான் எதுவும் செய்யவில்லை, அதுவாகப் போனது. ஆனால் சீட்டு வந்துவிட்டது. கார்டு மெஷின் என் பக்கம் திரும்பியிருந்தது. சீட்டு சூடாக என் உள்ளங்கைக்குள் சுருண்டது. பில் மெஷின் கேட்டது, பணம் வந்ததா?

‘இல்லை’யை அமுக்கினேன்.

“போகலை சார். இன்னொரு தடவை போடுங்க.”

கார்டை மறுபடி சொருகினார். நம்பரைத் தப்பாகப் போட்டார். மறுபடி தப்பு. மூன்றாவது தப்புக்குப் பேங்க் கார்டைப் பூட்டிவிட்டது.

“அப்புறமா தர்றேன்ப்பா. நான் எங்க ஓடிப்போயிடப் போறேன்?”

அவர் ஒட்டின காகிதத்தை விரலால் காட்டினேன். பில் இல்லாமல் ஒரு மாத்திரைகூட.

அவர் அதைப் படித்தார் சார். அவரே எழுதியதை முதல் தடவை படிப்பதுபோலப் படித்தார்.

“பார்க்கலாம் சார், நெட் வந்துடும். ஒரு நிமிஷம்” என்றேன். தரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் அவர் ரோட்டில் இறங்கி ஏதாவது ஆட்டோவை நிறுத்திக் காலில் விழுந்தாவது பெரிய ஆஸ்பத்திரி பக்கம் போயிருப்பார். அது எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

வாட்சைக் கழற்றி வைத்தார். நல்ல வாட்ச், பழைய சாவி கொடுக்கிற ரகம். “வாட்சுக்கு பில் போட மெஷின்ல இடம் இல்லையே சார்” என்றேன். மோதிரத்தை இழுத்தார், வரவில்லை, எச்சில் தொட்டு இழுத்தார், வந்தது. அதையும் தள்ளி வைத்தேன். பின்னறையிலிருந்து சங்கமித்ரா, “அண்ணா, யாரு? என்னா சத்தம்?” என்றாள். “மெஷின் தகராறும்மா, நீ சாப்பிடு” என்றேன்.

“தப்புதான்ப்பா” என்றார் அவர். “உன்னைத் திருடன்னு எழுதினது தப்பு. மன்னிச்சுடு.”

இதைத்தானே நீ எதிர்பார்த்தாய், அப்போதே கொடுத்திருக்கலாமே என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நீங்கள் சம்பளக்காரர் சார், கடையில் வளர்ந்தவர் இல்லை. மன்னிப்பு என்பது அவர் முதலில் சொன்ன விலை. தணிக்கை அதிகாரி, ஒருநாளும் இறங்காத மனுஷன், ஐந்து நிமிஷத்தில் அங்கே வந்து நிற்கிறார் என்றால் இன்னும் கையிருப்பு இருக்கிறது என்று அர்த்தம். சர்ச் ஹாலில் அறுபது பேர் கேட்டதும், இங்கே நான் ஒருத்தன் மட்டும் கேட்பதும் எப்படிச் சமமாகும்?

“வாயால சொன்னா ஆச்சா சார்? ஒட்டினது அப்படியே இருக்கே” என்றேன்.

மண்டி போட்டு டேப்பை நகத்தால் பிய்க்க ஆரம்பித்தார். நல்ல டேப் அது, அவரே பார்த்து வாங்கியது. ஒரு மூலை வருவதற்கே இரண்டு நிமிஷம் ஆனது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவருக்கு ஸ்டூல் போடவில்லை. இரண்டாவது மூலையில் நகம் பெயர்ந்து பிளாஸ்டிக் மேல் ரத்தம் தீற்றியது. “நிதானமா சார், கண்ணாடி கீறிடும்” என்றேன். அவர் அழுதுகொண்டே பிய்த்தார். அந்தம்மாவின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பிய்த்தார். ஆறு மாதமாக என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அதற்குக் கோபம் என்றுதான் பெயர் என்றால், சரி, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மூலையில் இருக்கும்போது சங்கமித்ரா கை கழுவாமல் வந்தாள். வலது கையில் சோறு. தரையில் மண்டி போட்டிருக்கிற கிழவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இடது கையால் மருந்தை அள்ளி அவர் கையில் திணித்தாள். “ஓடுங்க சார், ஓடுங்க” என்றாள். அவர் ஓடினார். மணி மூன்று முப்பத்தாறு. பில் போடாமல் கொடுத்தது அவள்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு என்னிடம், “அண்ணா, உங்க கையில என்னா சீட்டு?” என்று கேட்டாள். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. உங்களிடம் முதலில் வந்து சொன்னவள் அவள் என்று எனக்குத் தெரியும். திட்டமாட்டேன். நல்ல பெண், வியாபாரம் தெரியாதவள்.

ருக்மிணியம்மா அதற்குள் போய்விட்டார். பத்து நிமிஷம் முன்னால் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதியிருக்கிறாராம். இருக்கலாம். டாக்டர்கள் சுற்றி வளைத்துப் பேசமாட்டார்கள், ஒரே விலை சொல்கிறவர்கள்.

ஸ்ரீகண்டனின் போனை நீங்கள் நேற்று மேஜை மேல் வைத்தீர்கள். நானூற்று எண்பத்தாறு ரூபாய் எடுக்கப்பட்டது என்று மூன்று பதினான்குக்கு பேங்க் அனுப்பிய செய்தி. திறந்து படித்திருக்கிறது என்றீர்கள். படித்தது அந்தம்மாதான், வீட்டில் வேறு யாரும் இல்லை. பணம் போய்விட்டது, மருந்து வாங்கியாகிவிட்டது, இதோ வந்துவிடுவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார். அதை நான் யோசிக்கவில்லை சார். போனைக் கையோடு எடுத்துவராதது ஸ்ரீகண்டனின் தப்பு.

சீட்டை ஏன் கிழித்துப் போடவில்லை என்று கேட்டீர்கள். கைக்குப் பணம் வந்த சீட்டைக் கிழிக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. நானூற்று எண்பத்தாறையும் அந்த வாரமே அவர் கணக்குக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். வாட்சும் மோதிரமும் கல்லாவில் பத்திரமாக இருக்கின்றன, வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். அவர் எழுதினாரே, அந்தத் திருடன் நான் இல்லை.

மற்றபடி எல்லாம் உண்மை. பணம் வந்தது தெரியும். அந்தம்மாவின் நிலை தெரியும். வேண்டுமென்றேதான் ‘இல்லை’யை அமுக்கினேன், வேண்டுமென்றேதான் இருபத்திரண்டு நிமிஷம் நிறுத்தி வைத்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் உங்கள் ரைட்டர் தப்பாக எழுதியிருக்கிறார், அடித்துத் திருத்தச் சொல்லுங்கள். ‘மருந்து கொடுக்க மறுத்தேன்’ என்று இருக்கிறது. மறுக்கவே இல்லை சார். விலை படியவில்லை, அவ்வளவுதான்.