படிவத்தை அனுப்புவதால் மட்டும்

– இந்தக் காயிதத்தைப் பாருங்கம்மா. நனைஞ்சு போயிருமுன்னு லேமினேசன் பண்ணி வெச்சிருக்கறேன். மேல இருக்கறது உங்க ஆபீசு பேருதானுங்களே?

– எங்க ஆபீஸ் பேருதாம்மா.

– கீழ என்னுங்க எழுதியிருக்குது? எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்களே படிங்க.

– அனுப்பினவர் அத்தாயி, மல்லசமுத்திரம். மகன் கலையரசன், போர்வெல் ரிக் வண்டி ஆபரேட்டர், கொலை முயற்சி வழக்குல ரிமாண்ட். ஜாமீன் எடுத்துத் தரணும்.

– எல்லாஞ் செரியாத்தான இருக்குது? அப்பறம் ஏனுங்க அவன் நாப்பத்தேழு நாளு உள்ள கெடந்தப்ப உங்க ஆளு ஒருத்தர்கூட எட்டிப் பாக்கலை?

– அம்மா, உக்காருங்க. உக்காந்து பேசலாம்.

– உக்கார வரலைங்க. பெரிய வக்கீலய்யா எங்கீங்க? ஜான் பாஷாவோ என்னமோ பேரு சொன்னாங்க.

– சார் ஹைகோர்ட்டுக்குப் போயிருக்காரு. நான் அவரோட ஜூனியர், அஃபீபா. வெப்சைட்டுல வர்றதையெல்லாம் நான்தான் பாக்குறேன். என்கிட்டயே சொல்லுங்க.

– சொல்லறதுக்கு என்னுங்க இருக்குது, வக்கீலம்மா? எம்மகன் செத்துப்போயிட்டான். கருமாதி முடிஞ்சு எட்டு நாளாச்சு.

– அல்லா! எப்படிம்மா? ஜெயில்லயா?

– ஜெயில்லதான். மஞ்சக்காமாலை. கண்ணெல்லாம் மஞ்சப் பூத்து, சோறு தண்ணி எறங்காம கெடந்தானாமா. ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போறப்ப பாதி உசுருதான் இருந்துச்சாமா. ஜாமீன்ல வந்திருந்தான்னா ஊட்டோட வெச்சு நான் வைத்தியம் பாத்திருக்க மாட்டனா? சொல்லுங்க சாமி, பாத்திருக்க மாட்டனா?

– பாத்திருப்பீங்கம்மா.

– நீங்க வருவீங்கன்னுதானுங்க இருந்தோம்.

– அம்மா, ஒரு விஷயம் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இந்தப் படிவத்தை அனுப்பினா நாங்க கேஸை எடுத்துக்கிட்டோம்னு அர்த்தம் இல்லம்மா. கீழ சின்ன எழுத்துல ஒரு நோட்டீஸ் இருக்கு.

– என்ன நோட்டீசு?

– படிக்கிறேன், கேளுங்க. ‘இந்தப் படிவத்தை அனுப்புவதால் மட்டும் உங்களுக்கும் எங்களுக்கும் இடையே கட்சிக்காரர், வழக்கறிஞர் என்ற உறவு ஏற்படாது.’

– உறவுன்னா? நான் என்ன பொண்ணு கேட்டா வந்தேன்?

– அதாவது, நீங்க அனுப்பினாலும் அவரு எங்க கட்சிக்காரர் ஆகலை. நாங்க பாத்து, உங்ககிட்ட பேசி, வக்காலத்துல கையெழுத்து வாங்கினப்புறம்தான் எங்க பொறுப்பு.

– இதை மொதல்லயே சொல்லியிருக்கோணுமில்லைங்க?

– வெப்சைட்டைத் திறந்ததும் மொதல்ல வர்றதே அதுதாம்மா. ‘ஒப்புக்கொள்கிறேன்’னு ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கினாத்தான் உள்ளயே போக முடியும். யாரும் தூண்டாம நானாவேதான் தேடி வந்தேன்னு அதுல ஒத்துக்கணும். வக்கீலுங்க விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு விதி இருக்கு, அதுக்காக.

– நானாத்தானுங்க வந்தேன். பெத்த புள்ளையப் புடிச்சு உள்ள வெச்சா ஒருத்தர் வந்து தூண்டி உடோணுமா என்ன? ஆனா அந்தப் பட்டனை நான் அமுக்கலைங்க. கம்ப்யூட்டர் சென்டர் சத்யபிரியாதான் அமுக்குனா.

– அவங்க படிச்சுக் காட்டலையா?

– அந்தப் புள்ளை எங்கீங்க படிக்கும்? பின்னால பத்துப் பேரு நிக்கறாங்க. ரேசன் கார்டுல பேரு சேத்தறது, முதியோர் பென்சனு, பட்டா மாத்தறதுன்னு எங்கூருல அத்தனை மனுவும் அவதான் போடுவா. டக்கு டக்குன்னு அமுக்குவா, காயிதம் வரும், அதுல ஒரு நம்பரு இருக்கும். காயிதம் வந்துருச்சுன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. கொண்டுபோய்க் காட்டுனா ஆபீசருகளும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. இதுலயும் நம்பரு வந்துச்சு. மனுவை எடுத்துக்கிட்டாங்கன்னு நெனைச்சோம்.

– தப்பு இல்லம்மா. அப்படித்தான் யாரும் நினைப்பாங்க.

– வேற என்னுங்க போட்டிருக்குது அதுல? மிச்சத்தையும் படிங்க.

– வேண்டாம்மா.

– படிங்க. என்னென்னத்துக்கு நான் ஒத்துக்கிட்டிருக்கறேன்னு எனக்குத் தெரியோணும்.

– ‘இந்தத் தளத்தை நம்பி நீங்கள் எடுக்கும் எந்த முடிவுக்கும், அதனால் நேரும் எந்த இழப்புக்கும் நிறுவனம் பொறுப்பாகாது.’

– எந்த இழப்புக்கும்னா உசுருமுங்களா?

– அதுவும்தான் வரும்மா.

– நெம்ப நல்லா எழுதியிருக்கறீங்க. அப்பறம்?

– ‘இது தொடர்பான வழக்குகள் தில்லி நீதிமன்றங்களின் எல்லைக்கு உட்பட்டவை.’

– தில்லியா? சேலத்துல ஆபீசை வெச்சுக்கிட்டு தில்லிக்கு ஏனுங்க போறீங்க?

– அது வந்தும்மா, வெப்சைட் பண்ணிக் குடுத்தவரு வேற ஏதோ ஆபீஸ் நோட்டீஸைப் பாத்துத் தமிழ்ல எழுதிப் போட்டுட்டாரு. நாங்களும் திருத்தலை. சொல்லப்போனா இதை யாருமே படிக்கிறதில்லை.

– நீங்களே படிக்கறதில்லை. படிக்கத் தெரியாத நான் ஒத்துக்கிட்டேன்னு ஆயிப்போச்சு. இது எந்த ஊரு ஞாயமுங்க?

– அத்தை, போதும். வாங்க போலாம்.

– கம்முனு இருடி. ஏழு மணி பஸ்சைப் புடிச்சு வந்தது பாதில போறதுக்கா?

– இவங்க யாரும்மா?

– எம்மருமக. யுவஸ்ரீ. கலையரசன் பொண்டாட்டி. ஏனுங்க அப்பிடிப் பாக்கறீங்க?

– ஒண்ணும் இல்லம்மா. உக்காருங்க யுவஸ்ரீ.

– இல்லைங்க மேடம், நிக்கறேன்.

– இவ போன் நம்பரைத்தானுங்க அந்த மனுவுல போட்டது. எனக்குப் போன் கீன் கெடையாது. ஒரு போன் பண்ணி, உங்க கேஸு எங்களுக்கு ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லைங்க? வேற ஆளைப் பாத்திருப்போமில்லைங்க? நீங்க கூப்புட்டீங்களா, இல்லைங்களா?

– கூப்பிடலைம்மா.

– ஒருக்காக்கூட?

– கூப்பிடலை.

– பாத்தியா யுவஸ்ரீ? அவங்க வாயாலயே சொல்லிப்போட்டாங்க.

– அம்மா, ஒண்ணு கேக்கணும். அரசாங்கத்துல இலவச சட்ட உதவி வக்கீல் குடுப்பாங்களே, ஜெயிலுக்கே வந்து பாப்பாங்களே. யாரும் வரலையா?

– வந்தாங்களாமா. இவன் கையெழுத்துப் போடலை. பெரிய ஆபீசுல மனு குடுத்திருக்குது, வருவாங்கன்னு சொல்லிப்போட்டான்.

– எங்களை நம்பியா வேண்டாம்னாரு?

– உங்களை நம்பித்தானுங்க.

– இப்ப நான் என்ன பண்ணணும்மா?

– நான் சொல்லறேன். தப்பு எங்களுதுதான்னு சொல்லுங்க. காசு பணம் எதும் நான் கேக்கலை. அந்த ஒரு வார்த்தை போதும்.

– எங்க தப்புதாம்மா.

– காயிதத்துல எழுதிக் குடுங்க.

– எழுதியா?

– ஆமாங்க. ஊருல ஆளாளுக்குக் கேக்கறாங்க. சாவு ஊட்டுலயே கேட்டாங்க. ஏண்டி அத்தாயி, பெத்தவ நீ இருந்துமா அவனை வெளிய எடுக்காம உட்டுட்டேன்னு. எம்பட அண்ணன் இன்னும் எங்கிட்டப் பேசறதில்லை. இவளைப் பாத்துப் பேசுனதெல்லாம் காது குடுத்துக் கேக்க முடியாது. இந்தா பாருங்க, வக்கீலு ஆபீசுலயே எழுதிக் குடுத்திருக்கறாங்கன்னு நான் காட்டோணும். எனக்கும் ராத்திரில எடுத்துப் பாத்துக்கறதுக்கு ஒண்ணு வேணும். உங்க நோட்டீசு உங்களைக் காப்பாத்துது. எனக்கு ஒரு காயிதம் வேண்டாமுங்களா?

– சாருக்குத் தெரிஞ்சா என்னை நிறுத்திடுவாரும்மா.

– அப்ப மாட்டீங்க.

– எழுதித் தர்றேன்.

– நெசமாலுமா?

– நிஜமாத்தான். லெட்டர்பேடுலயே எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வெச்சுத் தர்றேன்.

– உங்களுக்குப் புண்ணியமாப் போவும் சாமி. எழுதிட்டிருங்க. மூஞ்சியைக் கழுவிப்போட்டு வாரேன். கொழா எங்கீங்க?

– வெளிய போய் இடது பக்கம்மா. பாத்து, படி இருக்கு.

– மேடம்.

– சொல்லுங்க யுவஸ்ரீ.

– எழுதாதீங்க.

– ஏன்?

– நீங்கதான் கூப்புட்டீங்களே.

– தெரியும்.

– அப்பறம் ஏன் கூப்புடலைன்னு சொன்னீங்க?

– நீங்க ‘அத்தை, போதும்’னு சொன்னப்பவே குரல் தெரிஞ்சுபோச்சு. மனு வந்து பத்தாவது நாள் கூப்பிட்டேன். பின்னாடி ஒரு குழந்தை ஏதோ பாடிட்டு இருந்துச்சு.

– எம்பொண்ணு. யாழினி.

– ‘கலையரசனுக்கு ஜாமீன் விஷயமாப் பேசணும்’னு சொன்னேன். வேண்டாமுங்கன்னீங்க. ஏன்னு கேட்டேன். நீங்க சொன்னதை இன்னும் மறக்க முடியலை. ‘இப்பத்தானுங்க எம்புள்ளை பயமில்லாமத் தூங்கறா. அவரு அங்கயே இருக்கட்டும்’னீங்க.

– அதை எங்க அத்தைகிட்டச் சொல்லியிருக்கலாமில்லைங்க?

– சொன்னா உங்களை என்ன பண்ணுவாங்க?

– எங்க போவச் சொன்னாலும் போயிருவேன். எனக்குப் பொறந்த ஊடுன்னு ஒண்ணும் இல்லைங்க. ஆனா நான் பண்ணதுக்கு நீங்க கையெழுத்துப் போடறது தப்புங்க மேடம்.

– உங்களுக்காக மட்டும் இல்லை யுவஸ்ரீ. ஜெயில்ல இருந்தது அவரு. வக்கீல் வேணுமா வேண்டாமான்னு அவர்கிட்டத்தான் கேட்டிருக்கணும். பஸ் ஏறினா அரை மணி நேரம், போயிருக்கலாம். போகலை. அவரு இன்னும் நம்ம கட்சிக்காரர் இல்லையே, நோட்டீஸ்ல தெளிவா இருக்கேன்னு ஃபைலை மூடிட்டேன். ‘தேவையில்லை என்று தெரிவித்தனர்’னு ரிஜிஸ்டர்ல எழுதிட்டு சாப்பிடப் போயிட்டேன்.

– சாவாருன்னு நெனைக்கலைங்க. சத்தியமா நெனைக்கலை. ஒரு மூணு மாசம், யாழினி பள்ளிக்கூடம் லீவு உடற வரைக்கும் உள்ள இருக்கட்டும்னுதான் நெனைச்சேன். குடிச்சுப்போட்டு ஸ்பேனர்ல ஒருத்தன் மண்டையைப் பொளந்தவரு மேடம். வேலைக்குப் போன எடத்துலயே அப்பிடின்னா ஊட்டுல எப்பிடியிருப்பாரு?

– அழாதீங்க. அவங்க வந்துடுவாங்க.

– எழுதாதீங்க மேடம். அந்தக் காயிதத்தை அவங்க சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சுக்குவாங்க. தெனமும் நான் அதைப் பாத்துட்டு எப்பிடிப் பொழைக்கறது?

– எழுத வேண்டாமுங்க, வக்கீலம்மா.

– அம்மா! எப்ப வந்தீங்க?

– நான் எங்கீங்க போனேன்? கதவுக்கு வெளியதான் நின்னுட்டிருந்தேன்.

– அத்தை, நானு...

– இரு. பேசாத. நீ போன்ல வேண்டாம்னு சொன்னது எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்னு நெனைக்கறயா? அன்னைக்கு ஜன்னலுக்கு வெளிய ஆட்டுக்குத் தழை கட்டிட்டிருந்தேன். ஒரு வார்த்தை உடாமக் கேட்டேன்.

– கேட்டீங்களா? கேட்டுட்டா அத்தை எங்கிட்ட ஒண்ணுமே சொல்லாம இருந்தீங்க?

– சொன்னா நீ பயந்துக்கிட்டு மறுக்கா கூப்புட்டு, வாங்கன்னு சொல்லிருவயோன்னு இருந்தேன்.

– அம்மா, நீங்கதான மனுவே போட்டீங்க?

– போட்டப்ப அவன் வரோணும்னுதானுங்க போட்டேன். பெத்த வயிறு கேக்கலை. அதுக்கப்பறம் பத்து நாளு ஊட்டுல சத்தமே இல்லை. தட்டுல போட்ட சோத்தைத் தட்டுலயே வெச்சுத் தின்னோம். தையில எனக்குக் கையி முறிஞ்சுது, படியில வழுக்கி உழுந்தேன்னு ஊரெல்லாம் சொன்னேன். எங்கூட்டுல படியே கெடையாதுங்க.

– அப்பறம் எதுக்கும்மா இவ்வளவு தூரம் வந்து எங்ககிட்ட...

– யாராச்சும் ஒருத்தரு, ‘தப்பு எங்களுது’ன்னு சொல்லிற மாட்டாங்களான்னுதான் வந்தேன். நீங்களும் சொன்னீங்க. கேட்டுப்போட்டு வெளிய போயி நின்னேன். மனசு ஆறலைங்க.

– அத்தை, அழுவாதீங்க. வேண்டாம்னு சொன்னது நானு. நீங்க கம்முனு இருந்தீங்க, அவ்வளவுதான.

– கம்முனு இருந்திருந்தாத்தான் பரவாயில்லையே, கண்ணு. சட்ட உதவி வக்கீலு வந்திருக்கறாரு, கையெழுத்துப் போடட்டுமான்னு கம்பிக்கு அந்தப்பக்கம் நின்னு அவன் எங்கிட்டத்தான் கேட்டான். நீ வேண்டாம்னு சொன்னதைக் கேட்டு ஒரு வாரங்கழிச்சு, ‘போடாதடா, சேலத்துல இருந்து பெரிய வக்கீலு வாராரு’ன்னு நாந்தான் சொன்னேன்.