பெத்த புள்ள கிட்னி

— டாக்டர் சொன்னதைத்தான் நானும் திரும்பத் திரும்பச் சொல்லுதேன் பாமா. சக்திகுமார் கிட்னி உனக்குச் சேராது.

— நான் பெத்த புள்ளைது எனக்கு எப்படிங்க சேராமப் போவும்?

— பெத்ததனாலதான் சேரல. அவன் வயித்துல கெடக்கையில அவன் ரத்தம் கொஞ்சம் உன் ரத்தத்துல கலந்திருக்கு. அவன்ட்ட பாதி உன் வாகு, பாதி என் வாகு. என் பாதியை உன் ஒடம்பு அன்னியம்னு கண்டுக்கிட்டு, எதுத்து அடிக்க அப்பமே ஆள் தயார் பண்ணிருச்சு.

— அவன் பொறந்து இருவத்தாறு வருசமாச்சு.

— ஒடம்பு மறக்காதாம். நம்ம ஆட்டுக்கு ஊசி போடுதோம்லா? ஒருதரம் அடையாளம் காட்டிட்டா போதும், அந்த நோய் மறுபடி வந்தா உள்ள விடாதுல்லா? அதே கதைதான். அவன் கிட்னியை வச்சா, வச்ச அன்னைக்கே உன் ஒடம்பு அதை அழிச்சுப் போடும்.

— உங்களுதை வேண்டாம்னதும் இதனாலதானா?

— ஆமா. என் ரத்தத்தை உன் ரத்தத்தோட சேத்துப் பாத்துத்தான் கண்டுபிடிச்சாவ.

— மூணு சொமந்தேன். ரெண்டு மண்ணுக்குப் போச்சு. தங்கினது இவன் ஒருத்தன். அவனையும் என் ஒடம்பு எதிரின்னு குறிச்சு வச்சிருக்கு, என்ன?

— கையை ஆட்டாத. ஊசி வெலகிரும். மிஷின்ல ரத்தம் ஓடிக்கிட்டு இருக்கு.

— நீங்க இதை மொதல்ல சொன்ன அன்னைக்கு வீட்டுல போயி என் வயித்தை நானே அடிச்சுக்கிட்டேன். அவன் முகத்தைப் பாக்கவே எனக்குக் கூச்சமா இருந்துச்சு.

— நீ என்ன செய்வ? வாரத்துக்கு ரெண்டு தரம் இப்படி பஸ் ஏறி கோவில்பட்டிக்கு வந்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டே காலத்தைத் தள்ளிருவோம். அவனுக்கு அடுத்த மாசம் கல்யாணம். புதியம்புத்தூர்ல பொண்ணு வீட்டுக்காரவ பத்திரிக்கை அடிச்சாச்சு. அவனாவது முழுசா இருக்கட்டும்.

— முழுசா இருக்கட்டும்னு யாரு முடிவு பண்ணினது?

— என்னட்டி பேசுத? நாமளா முடிவு பண்ணினோம்? எல்லாம் உன் ரத்தம் பண்ணினது.

— காலையில நீங்க இட்லி வாங்கப் போயிருந்தப்ப அவன் இங்க வந்தான். கட்டில்ல உக்காந்து என் காலைப் பிடிச்சுவிட்டான். பெறகு கேட்டான்: 'எம்மா, என் ரத்தத்தை டெஸ்ட்டுக்கு எப்பம்மா எடுப்பாவ? அப்பாட்ட கேட்டா, டாக்டர் இன்னும் கூப்பிடலைங்காவ.'