முடிச்சை நனைக்கும் முறை

தூண்டில் நரம்பான தங்கூசியில் முடிச்சுப் போடுகிறவர்கள் இறுக்குவதற்கு முன்னால் முடிச்சை நனைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த முடிச்சை அப்படியே இழுத்தால் உரசலில் சூடேறி நரம்பு நலிந்துவிடும். பிறகு நல்ல மீன் ஒன்று வந்து ஒரு சுண்டு சுண்டினால் அந்த இடத்தில்தான் அறும். கடைக்கு வருகிற எல்லோரிடமும் இருபது வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நனைப்பதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். அதற்கென்றே என் சட்டைப் பையில் காலியான கண் மருந்துக் குப்பி ஒன்றில் தண்ணீர் வைத்திருப்பேன். ஆனால் பத்துப் பேரில் ஒன்பது பேர் எச்சிலைத்தான் தொடுகிறார்கள்.

இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் அவசரப்படுவது தெரிகிறது. இரண்டு தடவை கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டீர்கள். "ஆஸ்பத்திரிலேருந்து டாக்டர் லைன்லயே இருக்காரு. உங்க அக்கா உடம்புக்குள்ள என்ன போயிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மத்ததெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம்" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டால் என்னை ஏதோ கொலைகாரன் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். பேசாமல் எழுதித் தருகிறேன் என்று நான் கேட்டதற்கும் காரணம் உண்டு. இந்த மேசை அகலம் போதாது. எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் ஒருவர் வாயிலிருந்து தெறிப்பது இன்னொருவர் மேல் விழும். உங்களைக் குறை சொல்லவில்லை. காலையில் கடைக்கு வந்தபோது மிதியடியில் காலைத் துடைத்துவிட்டு வந்தவர் நீங்கள் ஒருவர்தான். கூட வந்த இருவரும் சேற்றோடு ஏறி வந்தார்கள்.

எங்கள் தொழில் உங்களுக்குப் பழக்கமில்லாதது. மண்புழுவைக் குத்திப் போட்டு மீன் பிடிக்கிறவர்கள் ஒரு ரகம். நாங்கள் பொய்ப்பூச்சி போடுகிறவர்கள். அரிசி நீளம்கூட இல்லாத தூண்டில் முள்ளை வைஸ் என்கிற மேசை இடுக்கியில் கவ்வ வைத்து, மெழுகு தடவிய பட்டுநூலைச் சுற்றி, முயல் ரோமத்தைத் திரித்து உடம்பு செய்து, சேவலின் கழுத்து இறகு ஒன்றை நிமிர்த்திச் சுற்றினால் தண்ணீர்மேல் உட்கார்ந்த ஈ மாதிரி நிற்கும். வீசுகிற கை சரியாக இருந்தால் டிரவுட் மீன் அதை நம்பி வாயைத் திறக்கும். முள்ளின் நுனிக்குப் பின்னால் இருக்கிற சிறு கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுவேன். மீனுக்கு வலி குறைவு, விடும்போது சுலபமாகக் கழன்றுவிடும். புழு இல்லை, இரத்தம் இல்லை, வீச்சம் இல்லை. சுத்தமான வேலை என்பதால்தான் இதற்கு வந்தேன்.

அக்காவும் சுத்தக்காரிதான். எனக்கு ஒன்பது வயதில் அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்போது அக்காவுக்குப் பதினேழு. அன்றிலிருந்து என்னை வளர்த்து ஆளாக்கியது அவள்தான். துண்டுகளைக் கொதிக்க வைத்துத்தான் துவைப்பாள். என் தட்டு வேறு, அவள் தட்டு வேறு. என் முகத்தில் அழுக்கு இருந்தால் கைக்குட்டையைக் குழாயில் நனைத்துப் பிழிந்து துடைப்பாள். கடைக்கு மேலே இருக்கிற அந்த இரண்டு அறைகளில் முப்பது வருடம் நாங்கள் ஒரு மனத்தாங்கல் இல்லாமல் இருந்தோம். கல்யாணப் பேச்சை அவள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பிறகு நாற்பத்தேழாவது வயதில், தூண்டில் ரீல் பழுதுபார்க்க வந்த ஒரு வாடிக்கையாளரைக் கட்டிக்கொண்டு அவரை வீட்டோடு கூட்டிவந்துவிட்டாள்.

அவர்தான் அத்தான். தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். குடிக்க மாட்டார். அக்காவை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. சனிக்கிழமைகளில் என்னைக் கேட்காமலே கடையைக் கூட்டிப் பெருக்குவார். அவரிடம் எனக்குப் பிடிக்காதது வாய் ஒன்றுதான்.

விலைப்பட்டியலின் பக்கத்தைப் புரட்ட விரலை நக்குவார். நக்கிய விரலை அடுத்த பக்கத்தில் பதிப்பார், கடைசிப் பக்கம் வரைக்கும். தங்கூசியைக் கத்தரிக்காமல் பல்லால் கடிப்பார். பெட்டியைத் திறக்கக் கை வேண்டுமென்று நாலைந்து பூச்சிகளை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவார், ஈரத்தில் இறகெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். உபயோகித்த முள்ளால் பல் குத்துவதை ஒருமுறை என் கண்ணாலேயே பார்த்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒருநாள் கடையில் ஆள் நிற்கும்போதே, "மாப்ளே, இதுல இறகு கொஞ்சம் கூடிப்போச்சு பாரு" என்று விற்பனைத் தட்டிலிருந்த ஒரு பூச்சியை வாயில் போட்டுச் சப்பி, படிய வைத்து, ஈரத்தோடு தட்டிலேயே திருப்பி வைத்தார். தட்டிலிருந்த நாற்பது பூச்சிகளையும் நான் குப்பையில் கொட்டினேன். பத்து நாள் வேலை.

"இவனுக்கு எதைப் பார்த்தாலும் அருவருப்பு. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க" என்று அக்கா சிரித்தாள். பழைய அக்காவாக இருந்தால் எனக்கு முன்னால் அவளே தட்டைக் கொட்டியிருப்பாள். அது எனக்கு உறைத்தது.

நான் சொல்லிப் பார்க்காமல் இல்லை. மூன்று முறை சொன்னேன். என்னுடையதைப் போலவே ஒரு குப்பி வாங்கித் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தேன். அவர் அதைக் கழுவிக் காதுக்கு எண்ணெய் விடுவதற்கு வைத்துக்கொண்டார்.

இப்போது அந்தச் சேவலுக்கு வருகிறேன். என் மேசைக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் கழுத்து மொட்டையாக நின்றதைக் காலையில் பார்த்தீர்களே, அது. ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது கிடைத்தது. பாடம் செய்து நூறு வருடமாவது இருக்கும். காட்டுச் சேவலின் கழுத்து இறகுக்கு எங்கள் தொழிலில் ஏக கிராக்கி. ஒவ்வொரு இறகிலும் அரக்கு வைத்த மாதிரி ஒரு வெளிர்மஞ்சள் பொட்டு இருக்கும், தண்ணீருக்குள் அது கண்ணைப் போல மின்னும். ஆனால் விவரம் தெரிந்தவன் அந்தக் காலத்துப் பறவையைத் தொடமாட்டான். அந்துப்பூச்சி அரிக்கக்கூடாது என்று தோலின் உட்புறம் பூராவும் மருந்து தேய்த்து வைத்திருப்பார்கள். பழைய இறகை வாயில் வைக்காதீர்கள் என்று கடைச் சுவரில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். அத்தான் அதை வாய்விட்டு வாசித்தார். "நமக்கெல்லாம் கல்லைத் தின்னாலும் செரிக்கும் மாப்ளே" என்றார்.

அந்தச் சேவலின் இறகில் அவருக்கு ஒரு பெட்டி பூச்சி கட்டிக் கொடுத்தேன். இறகின் அடியில் ஒட்டியிருந்த மருந்துப் பொடியைத் தட்டிவிடவில்லை. ஆரம்பத்தில் நான் செய்தது அவ்வளவுதான். நூலுக்குத் தடவும் மெழுகில் அதைச் சேர்த்துக்கொண்டது பிறகு வந்த பெட்டிகளில்.

நீங்கள் நியாயம் தெரிந்தவர் என்பதால் கேட்கிறேன். பூச்சி என்பது மீன் வாய்க்குப் போவதற்காகக் கட்டப்படுகிற பொருள். மனிதன் வாய்க்குப் போகவேண்டிய அவசியம் என்ன? நான் அவருக்கு எதையும் ஊட்டவில்லை, சாப்பாட்டில் கலக்கவில்லை. முடிச்சை ஆற்றுத் தண்ணீரில் நனைத்திருந்தால் அத்தான் இன்றைக்கும் சனிக்கிழமை சனிக்கிழமை கடையைப் பெருக்கிக்கொண்டிருப்பார். மீன் பிடிக்கப் போகிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு அந்த வாய்ப்பு இருந்தது. மூன்றடியில் ஆறு.

எட்டு மாதம் இழுத்தது. முதலில் வயிறு. பழைய குடல்புண் என்றார் ஒரு டாக்டர். பிறகு உள்ளங்கால் மரத்துப்போயிற்று, விரல் மரத்துப்போயிற்று. நரம்புத் தளர்ச்சி என்றார் இன்னொருவர். அந்த எட்டு மாதம் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. வீடு முழுக்கப் புளித்த வாடை. கட்டிலுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு வாளி. அக்கா அதைக் கையுறைகூடப் போடாமல் அலசுவாள், அலசிவிட்டு அதே கையால் நெற்றி முடியை ஒதுக்கிக்கொள்வாள். இவ்வளவு நாளாகும் என்று தெரிந்திருந்தால் வேறு வழி யோசித்திருப்பேன்.

உடம்பு முடியாத நிலையிலும் ஆற்றுக்குப் போகவேண்டும் என்பார். அப்படி ஒரு ஞாயிறு காலை மடக்கு நாற்காலியைப் போட்டுக் கரையில் உட்கார வைத்தோம். தூண்டில் கோலைப் பிடிக்க முடிந்தது, முடிச்சுப் போட விரல் வரவில்லை. அக்கா பெட்டியைத் திறந்து ஒரு பூச்சியை எடுத்தாள். கை இரண்டும் வேண்டுமே, அதை உதட்டில் கவ்விக்கொண்டாள். தங்கூசியைக் கோத்து ஐந்து சுற்றுச் சுற்றி, முடிச்சை வாயில் வைத்து நனைத்து இறுக்கினாள். அத்தான் சொல்லிக்கொடுத்தபடி அப்படியே.

வலையைப் பிடித்துக்கொண்டு நான் நாலடி தள்ளி நின்றேன். "அக்கா, தண்ணில நனைச்சுக்கோ" என்றேன்.

"போடா. வாய் பக்கத்துலயே இருக்கு, ஆத்துக்கு யாரு குனியறது" என்றாள். அத்தான் கெக்கெக்கென்று சிரித்தார். அவளும் சிரித்தாள். உதட்டோரத்தில் இறகுத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. அதை நாக்கால் எடுத்துத் துப்பினாள்.

காரணத்தைச் சொல்லித் தடுத்திருக்கலாமே என்பீர்கள். காரணத்தைச் சொன்னால் அத்தான் விஷயத்தையும் சொல்ல வேண்டிவரும். அதைவிட, அந்த நேரத்தில் அவள் வாயைப் பார்க்கவே என்னால் முடியவில்லை. புதருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். முப்பது வருடம் என்னோடு சுத்தமாக இருந்தவள் இப்படி ஆகிவிட்டாளே என்றுதான் அப்போது மனதில் ஓடியது.

அடுத்த மாதம் அத்தான் போய்விட்டார்.

மூன்றாவது தடவையாகக் கதவைத் திறந்திருக்கிறீர்கள். "அவங்களுக்கு மூச்சுத் திணறுதாம். என்னன்னு தெரிஞ்சா மருந்து இருக்குன்னு டாக்டர் சொல்றாரு. ப்ளீஸ்." ப்ளீஸ் என்று சொல்கிற போலீசை நான் இதுவரை கண்டதில்லை. சொல்லிவிடுகிறேன். வெள்ளைப் பாஷாணம். ஆர்சனிக் என்றால் டாக்டருக்குப் புரியும். எழுதியாகிவிட்டது, பாருங்கள். தாள் நிரம்பியதும் கையில் தருகிறேன். பாதித் தாளைக் கொடுப்பது எனக்குச் சரிப்படாது, இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது.

அத்தானின் பெட்டி வீட்டில் மிஞ்சிக் கிடந்தது, அது தெரியாமல் அக்கா கைக்குப் போய்விட்டது, அதனால் வந்த வினை என்றுதான் நீங்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். உங்கள் ஆட்களும் காலையில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள், பாவம் இவன் என்ற தொனியில். அது சரியில்லை. நான் அவ்வளவு கவனக்குறைவானவன் இல்லை. காரியம் முடிந்த மறுநாளே அந்தப் பெட்டியை அடுப்பில் போட்டு எரித்துவிட்டேன்.

அத்தான் இல்லாத வீடு பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். துண்டுகளை நானே கொதிக்க வைத்தேன், தட்டுகளைப் பிரித்து அடுக்கினேன். அக்கா ஒரு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒருநாள் காலை அவருடைய கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு கடைக்கு இறங்கி வந்தாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "டேய், எனக்கும் ஒரு பெட்டி கட்டிக் குடுடா. அவரு நின்ன இடத்துல போய் நின்னாத்தான் எனக்கு மனசு ஆறும்" என்றாள். சரி என்றேன். நல்ல பெட்டியாகத்தான் கட்டுவதாக இருந்தேன், புது இறகில். சத்தியமாக அதுதான் எண்ணம்.

அப்போது என் தாடையில் அரக்குக் கறை இருப்பதைப் பார்த்தாள். "வேலை செய்யறேன்னு மூஞ்சியெல்லாம் பூசிக்கிட்டு" என்று சொல்லிக்கொண்டே கட்டைவிரலை நக்கி, அந்த ஈரத்தால் என் தாடையைத் தேய்த்துத் துடைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. காய்ந்த பிறகும் அந்த இடத்தில் வாடை வந்துகொண்டே இருந்தது.

அவள் கை சின்னது. அதனால் முள்ளை இரண்டு அளவு குறைத்துக்கொண்டேன். சேவலின் கழுத்தில் மிச்சமிருந்த இறகெல்லாம் அந்தப் பெட்டிக்கே சரியாக இருந்தது. சிறிய பூச்சியில் மெழுகு பிடிப்பது குறைவு, ஆகவே ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை தடவினேன். முடித்ததும் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் மேலே போய் அக்காவுக்குச் சாப்பாடு எடுத்து வைத்தேன். அவள் சாப்பாட்டில் ஒரு துளி பட்டிருந்தாலும் என்னால் பொறுத்துக்கொண்டிருக்க முடியாது.