ஒரு புத்தகம் குறைகிறது

பழைய பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடக் கூடாது. முதல் வாரம் நன்றாகத் திறக்கும், அப்புறம் பிசுக்குப் பிடித்து மக்கர் பண்ணும். தையல் மிஷின் எண்ணெய்தான் சரி. எங்கள் மேல்நிலைப் பள்ளி நூலகத்தின் பூட்டுக்குப் பத்தொன்பது வருடமாக நான்தான் எண்ணெய் விட்டு வருகிறேன். ஆகவே அன்றைக்குப் பூட்டு சிக்கிக்கொண்டது என்று என் தம்பி உங்களிடம் சொன்னதை நம்ப வேண்டாம். பாவம், அக்காவைக் காப்பாற்றப் பார்க்கிறான். பூட்டின் மேல் ஒரு குறையும் இல்லை.

விசாரணைக்காக நீங்கள் கேட்டபடி நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். என் பெயர் ஃபிளோரா, தமிழாசிரியை. நூலகப் பொறுப்பும் என்னுடையது. எனக்கு முன்னால் இருந்தவர் கேட்டவர்களுக்கெல்லாம் புத்தகத்தைத் தூக்கிக் கொடுத்த தாராள மனசுக்காரர். அவர் விடைபெறும்போது நாற்பத்திரண்டு புத்தகங்களைக் காணோம். ஓய்வு பெற்ற பிறகும் அந்த மனிதர் மேலிடத்துக்கு விளக்கக் கடிதம் எழுதியே தேய்ந்துபோனார். அதைப் பார்த்த பிறகுதான் நான் விதிகள் எழுத ஆரம்பித்தேன்.

செருப்பு வெளியே. கையைக் கழுவி இரண்டு பக்கமும் காட்ட வேண்டும். தலையில் எண்ணெய் வைத்தவர்கள் நாற்காலியில் சாயக் கூடாது. ஆண்களுக்கு வடக்குப் பெஞ்சு, பெண்களுக்குத் தெற்குப் பெஞ்சு, ஒருவருக்கொருவர் முதுகு காட்டி. பேச்சு கிடையாது. அவசரமானால் துண்டுத் தாளில் எழுதிக் கொடுக்கலாம். உள்ளே ஆள் இருக்கும் வரை கம்பிக் கதவு பூட்டியிருக்கும், சாவி என் முந்தானையில் இருக்கும். கொடுத்த புத்தகம் எல்லாம் திரும்பி வந்தால்தான் கதவு திறக்கும். இப்படி இருபத்திரண்டு விதிகளைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டினேன்.

விதிகள் நன்றாகவே வேலை செய்தன. நாலாவது வருடத்தோடு பிள்ளைகள் வருவது நின்றது. வருடா வருடம் தணிக்கைக்கு வருகிறவர் எண்ணிப் பார்ப்பார், ஒன்றுகூடக் குறையாது. மாவட்டத்திலேயே இப்படி ஒரு நூலகம் இல்லை என்று பாராட்டிவிட்டுப் போவார். அவர் போன பிறகு அறையில் நானும் மின்விசிறியும்தான் இருப்போம். எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மழைக்குப் பள்ளி விடுமுறை. கீழ் அடுக்குப் புத்தகங்களில் ஈரம் ஏறியிருக்குமோ என்று பார்க்க நான் மட்டும் வந்திருந்தேன். எட்டு மணிக்கு ஆற்றின் கரை உடைந்தது. சம்பா நட்ட வயலெல்லாம் ஏரியாகி, தண்ணீர் பள்ளிக்குள் வந்தது. பக்கத்துத் தெருக்காரர்கள் மாடிப்படியில் ஏறி நூலக வாசலில் வந்து நின்றார்கள். மாடியில் இருப்பது அந்த ஓர் அறைதான்.

"டீச்சர், கதவத் தொறங்க. கீழ இடுப்பளவு வந்துருச்சு" என்றார் இராஜாங்கம். ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்துக்காரர், அவர் பேத்தி சுடர்விழி பன்னிரண்டாம் வகுப்பில் என் மாணவி.

உறுப்பினர் அல்லாதவருக்கு அனுமதி இல்லை என்று பலகையைக் காட்டினேன். யாரும் கோபப்படவில்லை, நல்ல ஜனங்கள். சுடர்விழிதான் மழையில் நனைந்தபடி பலகையை முழுக்கப் படித்தாள். பிறகு, "டீச்சர், பதினேழாவது விதியில மாணவரோட பெற்றோரும் சொந்தக்காரங்களும் படிக்க வரலாம்னு இருக்கு. எங்க தெருவுல எல்லாருமே எனக்குச் சொந்தந்தான்" என்றாள்.

அந்த விதியை எழுதியவள் நான். மறுக்க முடியுமா? கைகளைப் பார்த்துப் பார்த்து உள்ளே விட்டேன். கைக்குழந்தையைச் சேர்க்காமல் முப்பத்தொரு பேர். சும்மா உட்காரக் கூடாது என்பதும் விதி என்பதால் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, கதவைப் பூட்டினேன்.

அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முப்பத்தொரு தலைகள் குனிந்திருந்தன. இராஜாங்கம் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார், நான் போய்த் திருப்பி வைத்தேன். நெற்பயிரைத் தாக்கும் பூச்சிகள் பற்றிய புத்தகம். ஜன்னலுக்கு வெளியே அவர் பயிர் தண்ணீருக்குள் கிடந்தது, இருந்தாலும் மனிதர் இலைச்சுருட்டுப் புழுவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கைக்குழந்தைக்காரி செவ்வந்திக்குத் தேனீ வளர்ப்பு கொடுத்திருந்தேன். பக்கங்கள் திரும்புகிற சத்தம் கேட்டது. பதினைந்து வருடமாக அந்த அறையில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

பத்தரை மணிக்கு வடக்குப் பெஞ்சின் ஓரத்திலிருந்து ரெத்தினம் கையைத் தூக்கினார். ஐந்தாவது வரை படித்தவர், டிராக்டர் ஓட்டுகிறவர். வாயைத் திறக்கப் போனார். நான் உதட்டில் விரலை வைத்துத் துண்டுத் தாளைக் கொடுத்தேன். 'நெஞ்சு வலிக்கிது' என்று எழுதினார். சிவப்புப் பேனாவால் 'வலிக்கிறது' என்று திருத்தி, பக்கத்தில் ஒரு சரியும் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். தண்ணீரும் கொடுத்தேன். அதை எங்கும் யாரும் சொல்லவில்லை.

பதினொரு மணிக்குப் படகு வந்தது. கடற்கரைப் பக்கத்து மீன்பிடிப் படகு, ஓட்டி வந்தவர் சவரிராஜ். கீழிருந்து குரல் கொடுத்தார்.

"டீச்சர், எறங்கி வாங்க எல்லாரும். இழுப்பு ஜாஸ்தியா இருக்கு, ரொம்ப நேரம் நிக்க முடியாதுங்க."

எல்லோரும் எழுந்தார்கள். நான் புத்தகங்களை வாங்கி எண்ணினேன். முப்பது இருந்தது. தேனீ வளர்ப்பைக் காணோம்.

"இங்கதான் டீச்சர் வெச்சேன், புள்ளைக்குப் பால் குடுக்கத் திரும்புனேன்" என்று செவ்வந்தி அழ ஆரம்பித்தாள். அழக் கூடாது என்று எந்த விதியும் இல்லை, விட்டுவிட்டேன். புத்தகம் கிடைக்காமல் கதவு திறக்காது என்றேன். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வேண்டுமென்றால் நூலகப் பாக்கி இல்லை என்று நான்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பதையும் நினைவூட்டினேன்.

ரெத்தினத்தின் மனைவி சாவித்திரி என் பக்கத்தில் வந்து, "டீச்சர், அவருக்கு மொகமே சரியில்ல. அவர மட்டுமாவது அனுப்புங்க, உங்களக் கும்புடறேன்" என்றாள். ஒருவருக்கு என்று திறந்தால் அது விதியே இல்லை. நிதானமாக எடுத்துச் சொல்லி அவளைத் தெற்குப் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

முப்பத்தொரு பேர் நினைத்தால் ஒருத்தியிடமிருந்து சாவியைப் பிடுங்க முடியாதா என்று நீங்கள் கேட்டீர்கள். முடியும். ஆனால் டீச்சரைத் தொட ஒருவருக்கும் கை வரவில்லை. மேலும் அவர்களுக்கு நேரமும் இல்லை, ஒருவர் மடியை ஒருவர் சோதிப்பதில் மும்முரமாக இருந்தார்கள். கூடப் பிறந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் பேச்சு முறித்துக்கொண்டார்கள். இராஜாங்கம் தன் வயலின் மேல் சத்தியம் செய்தார். அது தண்ணீருக்கடியில் இருந்ததால் யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. படகு வேறு தெருவுக்குப் போய்விட்டது.

சோதனை முடிந்ததும் சும்மா இருக்க வேண்டாம் என்று புத்தகங்களை மறுபடி கொடுத்தேன். செவ்வந்திக்குக் கொடுக்கவில்லை. இரண்டு மணிக்குப் படகு திரும்ப வந்தபோதும் கணக்கு முப்பதுதான், ரெத்தினம் மடியில் இருந்ததையும் சேர்த்து. அந்தச் சந்தடியிலும் ரெத்தினம் மட்டும் எழுந்திருக்கவில்லை. பக்கச் சுவரில் தோளைச் சாய்த்து, மடியில் புத்தகத்தை விரித்து, தலை குனிந்து இருந்தார். என்ன ஒரு ஈடுபாடு என்று நினைத்தேன். "பாருங்க, அண்ணன் எப்படிப் படிக்கிறார்" என்று மற்றவர்களுக்குச் சொல்லவும் செய்தேன். பெண்கள் ஆண்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்ததால் சாவித்திரி திரும்பிப் பார்க்கவில்லை. விதிப்படி திரும்பிப் பார்க்கக் கூடாது.

ஐந்து மணிக்குச் சவரிராஜ் கடப்பாரையோடு மேலே வந்து கதவைப் பெயர்த்தார். எல்லோரும் ஓடினார்கள். சுடர்விழிதான் ரெத்தினத்தின் தோளைத் தொட்டு, "சித்தப்பா" என்றாள், பிறகு என்னைப் பார்த்தாள். மத்தியானமே உயிர் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். பதினொரு மணிப் படகில் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றும் சொன்னார்களாம். சாவித்திரி போட்ட சத்தத்தை நான் இங்கே எழுதவில்லை, நீங்களே அவளிடம் கேட்டிருப்பீர்கள்.

செவ்வந்தியைத் திருடி என்று தெருவில் இன்னும் சொல்கிறார்களாம். அதை நிறுத்தச் சொல்லுங்கள். தேனீ வளர்ப்பு என் கைப்பையில் இருந்தது. படகின் மோட்டார் சத்தம் தூரத்தில் கேட்டதுமே, அவள் குழந்தைக்காகத் திரும்பிய நேரம் பார்த்து, நான்தான் எடுத்து வைத்தேன். படகு வந்தால் எல்லோரும் போய்விடுவார்கள். போனால் ஒருவரும் மறுபடி என் நூலகத்துக்கு வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

முப்பது பேரும் போகணும், போகணும் என்றுதான் நாள் முழுக்கக் கேட்டார்கள். ரெத்தினம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவருக்கு அங்கே பிடித்திருந்தது.