கப்பலில் வந்தவர்கள், பிளேனில் வந்தவர்கள்

நோபல் பார்க்கில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். இருவரும் முதியோர் இல்லமொன்றின் சீருடையில் இருந்தார்கள்.

"அக்கா, இந்த நாட்டில கப்பலில வந்தவைதான் வீடு வாங்கினம். பிளேனில வந்தவை வாடகைக்கு இருக்கினம்," என்றாள் இளையவள்.

நான் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

"ஆர் உமக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை, நான் பார்த்தனான். என்ர வீட்டு ஓனர் வியட்நாம்காரி. சின்னப் பிள்ளையா கப்பலில வந்தவவாம். இப்ப ஸ்பிரிங்வேலில கடையும் இருக்கு, வீடுகளும் இருக்கு. எங்களோட வேலை செய்யிற சிம்பாப்வே மனிசி அங்க பிரின்சிபலா இருந்தவ. பிளேனில வந்தவ. இங்க வாடகை யூனிட்டில இருக்கிறா."

"வியட்நாம்காரி வந்து நாப்பது வருஷம் இருக்கும். சிம்பாப்வேக்காரி நேற்று வந்தவ. காலத்தையும் பாருமன்."

"அப்ப கப்பலில வந்ததால இல்லையோ?"

"இல்லைப் போல. அவைக்கு வந்த உடன விசாவும் குடுத்தவங்கள்."

"சிம்பாப்வே மனிசியும் விசாவோடதானே வந்தவ?"

மூத்தவர் யோசித்தார். "ஓம் என்ன," என்றார்.

"நீங்கள் என்னத்தில வந்தனீங்கள் அக்கா?"

"பிளேனில."

"வீடு?"

"சொந்தம்," என்றார் மூத்தவர், குற்றத்தை ஒப்புக்கொள்வது போல.

ஸ்பிரிங்வேலில் கதவு திறந்து மூடியது. இளையவள் வெளியே இருந்த கடைப் பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் படகில வந்து பன்ரண்டு வருஷம். இன்னும் தற்காலிக விசாதான், பாங்க் லோனும் தராது," என்றாள். பிறகு உண்மையிலேயே சந்தேகம் வந்தவளாகத் திரும்பிக் கேட்டாள்:

"நாங்கள் வந்ததும் கப்பல்தானே அக்கா?"