அண்ணி திருப்பி அனுப்பிய பெட்டி

அவைக்கு அணிசேர்க்கும் பட்டறைச் சங்கத் தலைவர் அவர்களே, எண்ணெய்க் கறையைக் கழுவியும் கழுவாமலும் ஓடிவந்திருக்கும் பெரியோர்களே, ஆலை வேலை முடிந்து அப்படியே வந்தமர்ந்த தாய்மார்களே, தோழர்களே, வணக்கம்!

அயல்நாட்டு முதலீடு ஆக்குமா, அழிக்குமா என்று பேச அழைத்தீர்கள். நான் என் அண்ணன் அண்ணியைப் பற்றிப் பேசப் போகிறேன். அண்ணன் நழுவப் பார்க்கிறார், பிடித்து உட்கார வையுங்கள்!

அயல்நாட்டுக் கம்பெனி ஒன்று இங்கே பம்பு ஆலை கட்டியது. மாதம் தவறாத சம்பளம் என்றதும் அண்ணனின் லேத் பட்டறை ஆட்கள் அங்கே போனார்கள். கடைசியில் அண்ணியும் போனார்! பிள்ளைகள் படிக்க வேண்டாமா? அண்ணன் கொதித்தார், குடும்பம் சாப்பிட்டது அண்ணி சம்பளத்தில்தான்.

ஆனால் ஆலைக்கு வேண்டிய ஆணிகூடக் கப்பலில் வந்தது. லாபம் கப்பலேறிப் போனது. எங்கள் தெருவிலோ பட்டறைக்குப் பட்டறை பூட்டு! வேலை வந்தது, தொழில் போனது. இதுவா வளர்ச்சி?

ஒருமுறை சரக்கு வராமல் ஆலை நின்றது. தரம் பார்க்கும் பிரிவில் இருந்த அண்ணி, உள்ளூரிலேயே செய்யலாம் என்று மேலாளரிடம் வாதாடி, அண்ணனுக்கு ஆர்டர் வாங்கித் தந்தார். அண்ணன் பம்புக்கான பித்தளை வளையங்களைப் பளபளவென்று கடைந்து அனுப்பினார். பெட்டி திரும்பி வந்தது! வெளிநாட்டான் நம்மை மதிக்கமாட்டான் என்று அண்ணன் வீட்டில் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

அண்ணி அமைதியாகச் சொன்னார்: “எந்த வெளிநாட்டானும் இல்லங்க. நாந்தான் திருப்பி அனுப்பினேன். அளவு சரியில்ல.”

சிரிக்காதீர்கள் தாய்மார்களே, அன்று அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை!

மறுநாள் விடுமுறை. அண்ணி ஆலையில் கற்ற அளவுமுறையோடு பட்டறைக்கே போனார். அண்ணன் முகம் கொடுக்கவில்லை. ஆனாலும் கடைந்த ஒவ்வொன்றையும் அண்ணி கையில்தான் வைத்தார். அடுத்த பெட்டி தேறியது. “எனக்காக விட்டுட்டியா?” என்று அண்ணன் தயங்கிக் கேட்டார்.

“உங்களுக்காக விடறதா இருந்தா மொத பெட்டியையே விட்டிருப்பேனே.”

அந்தப் பதிலில் அண்ணன் நிமிர்ந்தார். ஆர்டர் பெருகியது, அவர் பக்கத்துப் பட்டறைகளுக்கும் பிரித்துக் கொடுத்தார். பூட்டுகள் திறந்தன. போன ஆட்களில் பாதிப்பேர் திரும்பினார்கள்.

ஆகவே சொல்கிறேன். முதலீடு வரட்டும்! வந்தால், சம்பளம் மட்டும் தந்தால் போதுமா? நுட்பம் கற்றுத் தரட்டும்! எங்கள் பொருளை வாங்கட்டும்! ஈட்டும் லாபத்தில் ஒரு பங்கை இந்த மண்ணிலேயே போடட்டும்! கையேந்தி நிற்கவில்லை நாம், கைத்திறனோடு நிற்கிறோம். சலுகை கேட்கவில்லை, சரியாய்ச் செய்த பொருளுக்குச் சரிசமமான இடம் கேட்கிறோம்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், வீட்டுக்கதையை மேடையேற்ற அனுமதித்த அண்ணிக்கும், அனுமதிக்காத அண்ணனுக்கும் என் அன்பும் நன்றியும். வணக்கம்!